ஹட்டனில் தொங்கிய கை

கிளிப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்குத் தங்கள் தோலில் ஒரு குறை இருப்பது, அதை நீக்குவதற்கென்று ஒரு சபை அமைக்கப்பட்ட பிறகுதான் தெரியவந்தது. அதுவரை அவர்கள் ஓட்டைக் கூரைத் தகரத்தையும், பாதியில் நின்றுபோன ரோட்டையும், சுவர் எழும்பிக் கூரை எழும்பாத கக்கூசையும் தங்கள் குறைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அறியாமைதான்.

சபையின் முழுப்பெயர் பெருந்தோட்டத் தொழிலாளர் தோல்நிறச் சீராக்கல் மற்றும் தோற்றத் தர மேம்பாட்டுச் சபை. பெயரைப் பெனர்த் துணியில் அச்சடித்து சவுக்கு மரத்தில் கட்டியபோது கடைசி இரண்டு சொற்கள் மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டன. சனங்கள் நிறச்சபை என்று சுருக்கிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற துரைமார், ஓய்வுபெறப்போகிற துரைமார், ஒரு துரையின் மருமகன் ஆகியோர் அதன் அங்கத்தவர்கள். தோல் வைத்தியர் ஒருவருக்கும் ஆசனம் ஒதுக்கப்பட்டிருந்தது. சபை பிறந்த நாளிலிருந்து அது காலியாகவே இருந்ததால், கூட்டங்களின்போது மற்றவர்கள் அதன்மேல் தொப்பிகளை வைத்தார்கள்.

சபையின் கையில் இருந்த ஆயுதம் குளிர் பிளாஸ்மா. வாயுவை மின்சாரத்தால் கிளர்த்தி, சுடாத ஒரு நீலச் சுடராக ஊதுகிற கருவி. முனை பேனா அளவுதான் இருக்கும். அந்தச் சுடரைத் தோலில் காட்டினால் நிறம் கூடலாம், குறையலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று எங்கெங்கோ ஆய்வுகூடங்களில் பொறுமையான மனிதர்கள் இன்னமும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். சபைக்கு அந்தப் பொறுமை தேவைப்படவில்லை. "குறையலாம்" என்ற ஒரு சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு கருவியை வாங்கிவிட்டது. ஏற்கெனவே குளிரில் விறைக்கிற நோட்டன் பிரிட்ஜ் மலைப் பக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து குளிரை இறக்குமதி செய்தது அதுவே முதல் தடவை.

கருவியை வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. தரையில் டைல்ஸ் பதித்த, கரண்ட் பிளக் வேலை செய்கிற ஒரே கட்டிடம் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராதான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் தங்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். சபை அதன் பெரிய பாதியை எடுத்துக்கொண்டது. தொட்டில்கள் தாழ்வாரத்துக்குப் போயின. இதனால் பிள்ளைகளுக்கு இயற்கைக் காற்று கிடைத்ததாகச் சபையின் முதல் அறிக்கை சொன்னது. நல்லதண்ணிப் பக்கமிருந்து இறங்கிவரும் மார்கழிக் காற்று அது.

அந்தக் காம்பராவின் ஆயம்மா பேச்சியம்மா. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிற செல்லசாமியின் மனைவி. வருஷக்கணக்காக இந்தத் தோட்டத்தின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலம் கழுவி, தூங்கவைத்துத் தாய்மாரிடம் திருப்பிக் கொடுத்தவள். போன மழைக்காலத்தில் அவள் வலக்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. அது விரல்களுக்கும் முன்கைக்கும் பரவியது. வாயோரத்திலும் ஒரு துளி விழுந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இது வெண்புள்ளி, தோல் தன் நிறத்தை இழக்கிறது, அவ்வளவுதான், யாருக்கும் தொற்றாது என்று சொல்லிப் பூச மருந்தும் கொடுத்தார். நிறம் திரும்பலாம், ஆனால் மெல்லத்தான் என்றார்.

டாக்டர் சொன்னது தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்துசேர நேரமெடுத்தது. புள்ளி முதலில் வந்துவிட்டது. அது ஒட்டுவாரொட்டி என்று குழாயடியில் பேச்சானது. முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் பிரியந்தி. அவளுடைய மகளுக்கு அப்போதுதான் முன்பல் முளைத்திருந்தது. வேறு காரணம் சொல்லத் தெரியாமல், மாமியார் வந்திருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்றாள். அவளுடைய மாமியார் செத்துப்போனது தோட்டம் முழுக்கத் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொருத்திக்கும் ஒரு மாமியார் வந்தார்.

தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் நல்ல மனிதர். திட்டமாட்டார். காலியாக ஆடும் தொட்டில்களைப் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லாத காம்பராவுக்கு ஆயம்மா எதற்கு என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல் கேட்டார். கடைசிப் பிள்ளையும் போய்விட்டால் புல்லு வெட்டுகிற கூட்டத்தோடு அவளை மலைக்கு அனுப்பவேண்டி வரும் என்றார். பேச்சியம்மா புல்லுக்கு அஞ்சுகிறவள் அல்ல. ஆனால் பிள்ளை ஏறி உட்கார்ந்து பழகிய இடுப்பு அது. காலியாக இருந்தால் அவளுக்கு நடையே சரியாக வரவில்லை.

ஆகவே நிறத்தை மாற்றும் மெஷின் ஒன்று தன் காம்பராவுக்கே வந்து இறங்கியபோது, கடவுள் விலாசம் விசாரித்து அனுப்பியதாகவே அவள் நினைத்தாள்.

திறப்பு விழாவில் சபையின் தலைமை அதிகாரியான பணிப்பாளர் நாயகம் பேசினார். வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். அவர் வைத்தியர் அல்லர், ஆனால் கோட்டு அளவாக இருந்தது.

"தேயிலைக்குத் தரம் இருக்கிறது," என்றார் அவர். "ஏலக்காய்க்குத் தரம் இருக்கிறது. கருவாட்டுக்குக்கூடத் தரம் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டைத் தன் தோளில் சுமக்கும் தோட்டத் தொழிலாளிக்கு இதுவரை ஒரு தரம் இருந்ததா? இல்லை! இந்த அநீதியை நாங்கள் முடித்துவைக்கிறோம். வெளிநாட்டில் ஒரு சீமாட்டி தேயிலைப் பெட்டியைக் கையில் எடுக்கிறாள். பெட்டியில் ஒரு கை கொழுந்தைக் கிள்ளுகிறது. அந்தக் கை என்ன நிறம்? அதுதான் கேள்வி. அந்தச் சீமாட்டி தேநீர் குடிக்கும்போது அவள் மனம் சங்கடப்படக்கூடாது."

எல்லாரும் கைதட்டினார்கள். சீமாட்டியின் மனதைப் பற்றி அதுவரை தோட்டத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டிலேயே ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பதற்கு முன் தரம் பிரித்தல் தொடங்கியது. அதற்குச் சபை ஒரு நிற மதிப்பீட்டாளரை வைத்திருந்தது. வாழ்நாள் முழுக்கத் தேயிலை ருசிபார்த்த மனிதர். ருசிபார்க்கும் அறையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, சாயத்தின் நிறத்தைப் பார்த்து, ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார்கள். நிறம் பார்க்கத் தெரிந்தவர் என்றால் இவரைவிட யார் என்று சபை கேட்டது. நியாயமான கேள்வி.

அவர் காம்பராவின் வடக்கு ஜன்னலடியில் நின்றுகொண்டார். சாயம் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் சரி. தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வந்து, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அவர் முகத்தருகே குனிந்து, பழக்கதோஷத்தில் ஸ்ஸ்ர் என்று காற்றை உறிஞ்சுவார். கண்ணை மூடுவார். பக்கத்திலிருந்த பித்தளைப் படிக்கத்தில் துப்புவார். பிறகு தரத்தைச் சொல்வார். "கடும் சாயம்." துப்பல். "மங்கல்." துப்பல். "காம்பு கலந்தது." துப்பல்.

முகத்தைப் பார்த்துத் துப்புகிறாரே என்று இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள். இது தொழில்முறைத் துப்பல், இதில் அவமரியாதை எதுவும் இல்லை, ஏலத்துக்குப் போகிற முதல்தரத் தேயிலையையும் இவர் இப்படித்தான் துப்புவார் என்று பணிப்பாளர் நாயகம் விளக்கினார். மத்தியானத்துக்குள் படிக்கம் நிறைந்துவிட்டது. அதைக் கொட்டி அலம்புகிற வேலை, அறை அவளுடையது என்பதால், பேச்சியம்மாவுக்கு வந்தது. பிள்ளைகளின் பீயை முகம் சுளிக்காமல் அள்ளியவள் அன்றைக்கு வாழையடியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

செல்லசாமியின் முறை வந்தபோது மதிப்பீட்டாளர் உறிஞ்சவே இல்லை. தூரத்தில் வைத்தே "டஸ்ட்" என்றார். தேயிலைத் தரங்களில் அதுதான் தூள், கடைசி.

"டஸ்டுக்குத்தாங்க சேர் தேத்தண்ணிக் கடையில கிராக்கி," என்றான் செல்லசாமி, கோப்பையைக் கன்னத்திலிருந்து எடுக்காமலே.

கடைசியாகப் பேச்சியம்மா தன் கையை நீட்டினாள். மதிப்பீட்டாளர் குனிந்தார், உறிஞ்சினார், கண்ணை மூடினார். திறந்தார். துப்ப மறந்துவிட்டார். முன்கையிலிருந்து விரல்வரை ஓடிய வெள்ளையைக் கோப்பையோடு வைத்துப் பார்த்தார். கோப்பை தோற்றது.

இதை யார் செய்தது என்று அவர் கேட்டார். தானாக வந்தது என்றாள். பணிப்பாளர் நாயகம் அதைச் "சுயமுயற்சி" என்று குறித்துக்கொண்டார். சபை எட்ட நினைத்த இலக்கு, சபை வருவதற்கு முன்பே, சபைக்குச் சொல்லாமல், படிக்கம் கழுவுகிற ஒருத்தியின் கையில் எட்டப்பட்டிருந்தது. இது ஒழுங்கு மீறல்தான். இருந்தாலும் பயன்படும் என்று தோன்றியது.

அப்போதுதான் பேச்சியம்மா தான் வந்த காரணத்தைச் சொன்னாள். இந்த வெள்ளையை எடுத்துவிட்டுத் தன் பழைய நிறத்தைத் தரவேண்டும். மெஷின் நிறத்தைக் கூட்டவும் செய்யும் என்று கேள்விப்பட்டாள்.

கறுப்பைக் கேட்டு ஓர் ஆள் வருவார் என்று சபையின் விதிகளில் எங்கேயும் எதிர்பார்க்கப்பட்டிருக்கவில்லை. பணிப்பாளர் நாயகத்துக்குக் கோபம் வரவில்லை. ஆழ்ந்த வருத்தம்தான் வந்தது.

"அம்மா," என்றார், "மலை ஏறி உச்சிக்குப் போய்விட்ட ஒருவர், என்னை மறுபடி அடிவாரத்தில் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்பாரா?"

"சிவனொளிபாத மலைக்குப் போனவங்களும் எறங்கித்தாங்க வரணும்," என்றாள் பேச்சியம்மா. "புள்ளைங்க வீட்ல இருக்கும்ல."

இதற்குப் பதில் சொல்ல ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. கருமையூட்டல் சபையின் தொலைநோக்குக்கு முரணானது என்று உபகுழு கண்டறிந்தது. அதற்கு மேலும் ஒரு விஷயத்தைக் கண்டறிந்தது: வெள்ளை கறுப்பாக முடியும் என்று வெளியே தெரிந்தால், கறுப்பை வெள்ளையாக்கக் கொடுத்த நிதி எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஆகவே கருவியில் கூட்டுகிற பக்கத்துப் பொத்தானின் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டப்பட்டது. காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்டர்.

கருவியை இயக்கியது சுலக்ஷனா. ஹட்டன் பிள்ளை, இந்த வேலை கிடைக்கும் முன் மூன்று இடத்தில் சம்பளமில்லாமல் பயிற்சி எடுத்தவள். அன்று பின்னேரம் பொருட்களை எடுத்துவைக்கும்போது பேச்சியம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நெறம் வந்துரும்னு நானும் சத்தியம் பண்ண மாட்டேங்க்கா. அதுக்கு டாக்டருங்க கூட இருந்து பாக்கணும். நீங்க ஆஸ்பத்திரி மருந்த விட்டுறாதீங்க. ஆனா பாருங்க, வேணாம்ங்கிறவங்களுக்கெல்லாம் ஊதச் சொல்றாங்க. வேணும்னு கேட்ட ஒரே ஆளுக்கு பிளாஸ்டர் ஒட்டிட்டாங்க."

பிறகு கோப்புக்காக அவளுடைய கையைப் படம் எடுத்துக்கொண்டாள். எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பேச்சியம்மா நோட்டன் பிரிட்ஜில் ஹஸ்ஸான் நானாவின் கடைக்குச் சீனி வாங்கப் போனாள். சரக்கெடுக்க அன்று காலையில்தான் ஹட்டன் போய்வந்திருந்த நானா, தராசை நிறுத்திவிட்டு அவள் முன்கையையே பார்த்தார்.

"தங்கச்சி, ஒங்கட கை ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல தொங்குது," என்றார்.

தொங்கத்தான் செய்தது. பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெனர். இடது பாதியில் ஒரு பழுப்பு நிற முன்கை. கீழே "முன்" என்று இருந்தது. வலது பாதியில் ஒரு வெள்ளை முன்கை, கீழே "பின்". மேலே "குளிர் பிளாஸ்மா: விஞ்ஞானம் உங்கள் லயத்துக்கு வருகிறது". ஒரே கையை, ஒரே நாளில் எடுத்த ஒரே படத்தை, குறுக்கே வெட்டி இரண்டாக்கியிருந்தார்கள். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் பேச்சியம்மா தன் முன்கையில் புருஷன் பெயரைப் பச்சை குத்தியிருந்தாள். பெனரில் "முன்" கையில் "செல்ல" இருந்தது. "பின்" கையில் "சாமி" இருந்தது.

பச்சை குத்தியதைச் சபை பார்க்காமல் இல்லை. அது அந்தச் சமூகத்தின் பாரம்பரிய அலங்காரம் என்று நினைத்து, கலாசாரத்துக்கு மதிப்பளித்து, அழிக்காமல் விட்டிருந்தது.

"என்னைய ரெண்டாக் கிழிச்சில்ல தொங்கப் போட்டிருக்கானுங்க," என்றான் செல்லசாமி. பெனரைப் பார்க்கப் பேச்சியம்மாவோடு ஹட்டனுக்கு வந்திருந்தான். "பாதிய வச்சுக்கிட்டு மீதிய திருப்பிக் குடுப்பானுங்களான்னு கேட்டுப் பாரு."

அவள் கேட்கவில்லை. அடுத்த வாரமே சபை அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடையை நேராக அவள் தோளில் போடாமல், பணிப்பாளர் நாயகம் ஒரு தடியின் நுனியில் கொளுவி வீசினார். படத்தில் அது நளினமாகத் தெரிந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் மண்டபங்களில் அவளை மேடையேற்றினார்கள். மேடையில் அவள் ஒன்றும் பேசக்கூடாது, கையை மட்டும் தூக்கவேண்டும். ஒரு தடவை, இது மெஷினால் வந்ததில்லைங்க என்று சொல்ல வாயெடுத்தாள். ஒலிபெருக்கி அணைந்துவிட்டது. கரண்ட் கட் என்றார்கள். மேடை விளக்குகளுக்கு மட்டும் கரண்ட் இருந்தது.

இதற்கிடையில் கருவியும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. "கடும் சாயம்" முதல் "டஸ்ட்" வரை தோட்டம் முழுக்க வரிசையில் வந்து கன்னத்தில் ஊதுவித்துக்கொண்டு போனது. யாருக்கும் எதுவும் வெளுக்கவில்லை. சிலருக்குச் சிவந்தது, சிலருக்கு அரித்தது. ஊதிய கன்னத்தோடு மறுநாளும் அதே வெயிலில் அதே மலையில் நின்றுதான் அவர்கள் கொழுந்து பறித்தார்கள். வெயிலைச் சபை கணக்கில் எடுத்திருக்கவில்லை. நிற்காத மழைக்குப் பிறகு ஒரு காலையில் கருவி வழக்கத்துக்கு மாறான ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டு அடங்கியது. ஈரம் ஏறிவிட்டது என்றாள் சுலக்ஷனா.

அதே வாரத்தில்தான் கொழும்பிலிருந்து மேலிடத்துக் குழு ஒன்று வெற்றியைப் பார்வையிட வரப்போவதாகச் செய்தி வந்தது. சபைக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது. அதைச் சபை தேடவேண்டியிருக்கவில்லை. தாழ்வாரத்தில் அது வரிசையாக நின்றது.

நடந்தது இதுதான். பெனரைப் பார்த்துவந்த தாய்மார் குழாயடியில் கூடிப் பேசியிருந்தார்கள். பேச்சியம்மாவின் வெள்ளை நோய் என்றால் அரசாங்கத்து ஆட்கள் அதை இரண்டு மாடி உயரத்தில் தொங்கவிடுவார்களா? மாட்டார்கள். ஆகவே அது நல்லது. ஒட்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. நல்லது ஒட்டும் என்றால் முதலில் ஒட்டவேண்டியது யாருக்கு? பொம்பிளைப் பிள்ளைகளுக்கு. நாளைக்குக் கட்டிக்கொடுக்கவேண்டும் அல்லவா. ஒரே வாரத்தில் மாமியார்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். காம்பரா நிறைந்தது.

முதலில் வந்தவள் பிரியந்திதான். பிள்ளையை நீட்டிவிட்டு, கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: "கன்னத்துல கொஞ்சம் தேச்சு விடுங்கக்கா. மூக்குப் பக்கமும்."

இதற்காகத்தான் பேச்சியம்மா மாதக்கணக்காகக் காத்திருந்தாள். பிள்ளையின் கனம் இடுப்பில் ஏறியது. பால் கக்கிய புளிப்பு வாசனை வந்தது. ஆனால் பிரியந்தி வாசலிலேயே நின்று, தேய்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல் முளைத்த அந்தப் பிள்ளை, யாரைப் பார்த்தும் சிரிக்கிற வயசு, அவளைப் பார்த்தும் சிரித்தது. அதன் கறுத்த கன்னம் எண்ணெய் பூசி மினுங்கியது. அதில் தேய்த்து எடுக்க என்ன இருக்கிறது என்று பேச்சியம்மாவுக்கு விளங்கவில்லை. தேய்க்கமாட்டேன், வளர்க்கத்தான் தெரியும் என்றாள். தாய்மாருக்கு முகம் சுருங்கியது. வரத்தைத் தனக்கென்றே வைத்துக்கொள்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். சிலர் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பிள்ளையின் முகத்தை அவளுடைய புறங்கையில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. படிக்கத்தைக் கழுவிய நாளைவிட அது மோசமாக இருந்தது என்று செல்லசாமியிடம் சொன்னாள்.

பணிப்பாளர் நாயகம் வரிசையைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே கொள்கை பிறந்தது. குளிர் பிளாஸ்மாவின் பலன் ஒருமுறை ஓர் உடலில் நிலைபெற்றால், பிறகு தொடுகையால் பரவும். ஆகவே கருவி பழுதடைந்தது பின்னடைவு அல்ல, சிக்கனம். தொடுகைவழிப் பரவல் என்று பெயரும் வைத்தாயிற்று. சுலக்ஷனாவை அழைத்து அதை விஞ்ஞானமாக எழுதச் சொன்னார். அவள் மறுத்தபோது தானே எழுதினார்.

மேலிடத்துக் குழு வந்தது. காம்பராவின் பெரிய பாதியில் கதிரைகள் போடப்பட்டன. தாய்மார் பிள்ளைகளோடு சுவரோரம் நின்றார்கள். பணிப்பாளர் நாயகத்தின் கோட்டுக் காலரில் சின்ன மைக் ஒன்று குத்தியிருந்தது. வெளியே பெரட்டுக் களத்திலும் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

"இந்தக் கை," என்று அவர் தொடங்கினார், பேச்சியம்மாவை நோக்கித் தன் கையை நீட்டி, "இனி ஒரு தோட்டத்தின் கை அல்ல. தேசத்தின் கை. இந்தக் கை தொட்ட இடமெல்லாம் வெளுக்கும். இந்தக் கையைத் தொடும் பாக்கியம் இன்று கிளிப்பாறைக்குக் கிடைத்திருக்கிறது. நாளை மலைநாடு முழுவதற்கும் கிடைக்கும். தயக்கம் வேண்டாம் தாய்மார்களே. பயம் வேண்டாம். தொடுங்கள்!"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பேச்சியம்மா முன்னால் வந்து அதைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். மரியாதைக்காகப் பற்றினாளா, வேறெதற்காகவா என்பதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

பணிப்பாளர் நாயகத்தின் வாயிலிருந்து வந்த சத்தம் எந்த மொழியையும் சேர்ந்ததாக இருக்கவில்லை. கையை உருவி எடுத்த வேகத்தில் தோல் வைத்தியரின் ஆசனத்தில் போய் விழுந்தார். தொப்பிகள் நசுங்கின. எழுந்து சவர்க்காரம், சவர்க்காரம் என்று கத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார். பிள்ளைகளின் கோமணம் அலசுகிற வாளிதான் அங்கே இருந்தது. அதற்குள் கையை முழங்கைவரை விட்டுத் தேய்த்தார். மிதந்தவற்றை அவர் கவனிக்கவில்லை. மதிப்பீட்டாளர் ஜன்னல் பக்கமாக ஒதுங்கினார். மேலிடத்துக் குழு, வெளியே தேயிலை பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனது.

காலர் மைக் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பெரட்டுக் களம் முழுக்க அவருடைய மூச்சிரைப்பு கேட்டது. பிறகு குரல் கேட்டது.

"உண்மையச் சொல்லு பிள்ளை. இது ஒட்டுமா? ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க சேர்," என்றது சுலக்ஷனாவின் குரல். "நீங்கதான் ஒட்டும்னு எழுதுனீங்க."

தோட்டம் இரண்டையும் கேட்டது. ஆனால் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது பெரிதாக இருந்தது: அவ்வளவு பெரிய ஆள், அவ்வளவு பயந்து, பீத்தண்ணியில் கை கழுவினார். அன்று பின்னேரமே மாமியார்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காம்பராவில் ஒரு பிள்ளைகூட இல்லை. கருவியை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சபை வேறு மாவட்டத்தில் தன் பணியைத் தொடரும் என்று அறிவித்தது. நலன்புரி உத்தியோகத்தர் வந்து, திங்கட்கிழமை முதல் புல்லு வெட்டப் போகவேண்டியிருக்கும் என்று மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தார். பேச்சியம்மா தொட்டில் துணிகளைத் துவைத்து மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம். பிரியந்தி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு, காம்பரா வாசலில் வந்து நின்றாள். பிந்திவிட்டிருந்தது. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று வந்தவள்போல் இருந்தாள்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேங்க்கா," என்றாள். "அது ஒட்டுற நல்லதுன்னா, அந்தாளு அன்னைக்கு ஒங்க கைய விட்டிருப்பாரா? மொதல்ல அவரு தடவி, அவரு பொண்டாட்டி தடவி, கொழும்பு முழுக்கத் தடவி முடிஞ்சப்புறந்தான் நம்ம பக்கம் திருப்பிருப்பாங்க. நல்லத நமக்குன்னு எப்ப விட்டு வச்சாங்க?"

"அப்ப ஒட்டுற கெட்டதுன்னா?" என்று கேட்டாள் பேச்சியம்மா. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒங்ககூடவே இருக்கிற செல்லசாமி அண்ணன் இன்னும் டஸ்டாத்தான இருக்காரு," என்றாள் பிரியந்தி. சிரிக்கவில்லை. "பத்திரமா பாத்துக்கங்க. காலையிலருந்து வயித்தால போகுது." பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள்.

அரைமணி கழித்து, பேச்சியம்மாவை மலைக்கு அழைத்துப்போக நலன்புரி உத்தியோகத்தர் வந்தார். தாழ்வாரத்தில் அவள் பிள்ளையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவை நனைந்திருந்தது. உத்தியோகத்தர் பிள்ளையைப் பார்த்தார். ஒரு பிள்ளை இருந்தாலும் காம்பரா காம்பராதான். புல்லைப் பற்றிப் பேசவில்லை. கையிலிருந்த பெட்டியை மட்டும் தள்ளி நின்று நீட்டினார். சபை போகும்போது விட்டுச் சென்றது: ஆயம்மா வேலை நேரத்தில் கட்டாயம் அணியவேண்டிய கையுறைகள். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை வெள்ளை. எங்கேயும் புள்ளி இல்லாத, ஒரே சீரான வெள்ளை.

பேச்சியம்மா பெட்டியை வாங்கித் திறந்தாள். ஒரு கையுறையை எடுத்து உதறினாள். பிள்ளையின் இரண்டு கால்களையும் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையுறையாலேயே நன்றாகத் துடைத்தாள். பிறகு வாளியில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.